வாவிக்கரைக் குடும்பம்: வியாழன் அத்திவாரம்

சின்னத்தம்பி: அத்தான், வியாழன் மேசன் வருகிறார். வவுணதீவு வளவில் அத்திவாரத்தை எவ்வளவு உயர்த்துவது என்று பார்க்க, நாசாவின் உயரத் தரவைக் கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் திறந்தேன். ஊரெல்லாம் ஒரே வெள்ளை. அங்கங்கே கறுப்புப் பொட்டு.

கல்லடி மாமி: வெள்ளமா??? எந்த இடத்தில் மனே?

சின்னத்தம்பி: வெள்ளம் இல்லை மாமி, வெள்ளை. நிறம்.

கல்லடி மாமி: ஐயோ, ஆரையம்பதிக்குச் சொல்லிவிட்டேனே

கட்டார் அத்தான்: என்ன பைல்?

சின்னத்தம்பி: டாட் ஏஎஸ்சி. கூடப் படித்தவன் வெட்டி அனுப்பினான்.

கட்டார் அத்தான்: தரவு பழுதில்லை. எஸ்ஆர்டிஎம் என்பது 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்தது. அளவு கிடைக்காத கட்டங்களில் -32768 என்று நிரப்பியிருக்கும். உன் பைலின் தலைப்பில் -9999தான் வெற்றுக் கட்டம் என்று இருக்கும். அதனால் மென்பொருள் -32768ஐயும் உயரம் என்றே நம்பி அதற்குக் கறுப்பு கொடுக்கிறது. மற்றதெல்லாம் வெள்ளைக்குப் போய்விடும். 3 மீட்டருக்கும் 40 மீட்டருக்கும் வித்தியாசம் தெரியாது. லேயர் புரொப்பட்டீசில் டிரான்ஸ்பேரன்சிக்குப் போய், கூடுதல் நோ டேட்டாவாக -32768 கொடு. மறுகா சிம்பாலஜியில் மினிமம், மாக்சிமம் புதிதாக எடு.

பெரியக்கா: இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. பிள்ளைக்குக் கோல் எடுக்க இல்லை.

சின்னத்தம்பி: வாவி தெரிகிறது அத்தான்! ஆனால் பின்னால் ஓப்பன்ஸ்ட்ரீட்மாப் வரைபடத்தைப் போட்டால், நம்ம ஊர் காலி நகருக்கும் அப்பால் தென்மேற்கே கடலில் கிடக்கிறது.

பெரிய மாமா: ஊரையே கடலில் தள்ளிவிட்டாயா

கட்டார் அத்தான்: உன் பைல் பழைய கண்டவல கிரிட், அதாவது இலங்கை வரைபடத்தில் இடத்தை இலக்கத்தால் குறிக்கும் பழைய முறை. அதில் மையப்புள்ளிக்கு இலக்கம் 200000, 200000. 1999 கிரிட்டில் 500000, 500000. டாட் ஏஎஸ்சிக்குள் எந்த கிரிட் என்று எழுதியிருக்காது. நீ 1999 கிரிட்டின் குறியீடான 5235 கொடுத்திருப்பாய், அதுதான் 300 கிலோமீட்டர் மேற்கே, 300 தெற்கே போயிற்று. செட் லேயர் சிஆர்எஸ்சில் பழைய கிரிட்டின் குறியீடான 5234 கொடு. ரீபுரொஜெக்ட் பண்ணாதே, அது பிழையோடு சேர்த்து இலக்கங்களையே வேறு கிரிட்டுக்கு மாற்றிவிடும்.

கல்லடி மாமி: 300 கிலோமீட்டரா! வரம்பு அரை முழம் தள்ளியதற்கே என் கலியாணத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை.

பெரிய மாமா: அரை முழம் இல்லை. ஒன்றேகால்.

பெரியக்கா: மாமா, இன்றைக்கு வேண்டாம்.

சின்னத்தம்பி: சரியாக உட்கார்ந்துவிட்டது. வளவு 6 மீட்டர் காட்டுகிறது. அப்ப இரண்டடி போதும்தானே?

கட்டார் அத்தான்: அதை வைத்து முடிவெடுக்காதே தம்பி. ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர் அகலம், உயரமும் முழு மீட்டரில்தான். நம்ம தென்னை வட்டும் அந்த 6க்குள் கலந்திருக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் சாயும் என்று பார்க்கலாம். இரண்டடியா மூன்றடியா என்று அது சொல்லாது.

பெரிய மாமா: 2011 தை வெள்ளத்துக்குப் பழைய வீட்டுச் சுவரில் நான் கரியால் கோடு போட்டேன். அதைப் பாருங்கள்.

கல்லடி மாமி: அந்தச் சுவருக்குப் போன வருஷம் பெயின்ட் அடித்தோமே அண்ணா

பெரிய மாமா: யாரைக் கேட்டு?

சின்னத்தம்பி: 😔

பெரிய மாமா: கிணற்றடிக் கதவு நிலையில் ஆணியும் அடித்தேன். அதையும் பிடுங்கவில்லை என்றால் விடிய வா. குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பிடிப்போம்.

சின்னத்தம்பி: சரி மாமா. ஆறு மணிக்கு.

பெரியக்கா: அப்ப மேசனை வரச் சொல்வதா, வேண்டாமா?

கல்லடி மாமி: பொறுங்கள், ஆரையம்பதி அக்கா லைனில். சாமானெல்லாம் கட்டிலில் ஏற்றிவிட்டாவாம்.