மருதையாற்றுப் பாலத்தில் சித்தப்பாவோடு

அரியலூர் ரயில் விபத்து என்றதும் அப்போதைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அரியலூர்ப் பக்கம் வயதானவர்களிடம் கேட்டால் முதலில் மருதையாற்றைப் பற்றித்தான் பேச்சு வரும். கொள்ளிடத்தில் போய்ச் சேரும் ஆறு அது. கோடையில் பார்த்தால் இதிலா அவ்வளவு பேர் போனார்கள் என்று நம்பவே முடியாது.

1956 நவம்பர் 23, விடிவதற்கு முன். கொட்டும் மழை, ஆற்றில் வெள்ளம். சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ் அரியலூர் ஸ்டேஷனைத் தாண்டிப் பாலத்துக்கு வந்தபோது இன்ஜினும் பின்னாலேயே பல பெட்டிகளும் தண்ணீருக்குள் போய்விட்டன. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்திருப்பார்கள்.

என் சித்தப்பா, விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சி போகும் இதே கார்டு லைன் பாதையில், தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். விபத்துக்கு வெகுகாலம் கழித்துத்தான் வேலையில் சேர்ந்தார். ஆனாலும் மழைக்கால ரோந்துக்குப் போகும் புது ஆட்களுக்கெல்லாம் பெரியவர்கள் இந்தக் கதையைச் சொல்லித்தான் அனுப்புவார்களாம். ஒரு ஐப்பசியில் அவரோடு அந்தப் பக்கம் போனபோது பாலத்தின் தூணில் போட்டிருந்த கோட்டைக் காட்டினார். தண்ணீர் அந்த அபாயக் கோட்டைத் தொட்டால் யாரையும் கேட்க வேண்டாம், ரயிலை நிறுத்திவிடலாம். ராத்திரியில் கையில் சிவப்பு விளக்கு, பையில் வெடி. பாலத்துக்கு வெகு முன்னால் ஓடிப்போய்த் தண்டவாளத்தின் மேல் பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்று வெடி வைக்க வேண்டும். சக்கரம் ஏறியதும் டமார் டமார் என்று வெடிக்கும், டிரைவர் பிரேக் போட்டுவிடுவார்.

"தண்ணி மேல ஏறுறது கண்ணுக்குத் தெரியும்டா. அடியில மண்ண அரிக்கிறது தெரியாது. பாலம் பாட்டுக்கு நிக்கிற மாதிரியே இருக்கும், பாரம் ஏறினாத்தான் தெரியும்" என்றார்.

சாஸ்திரியின் செயலைக் குறைத்துச் சொல்லவில்லை. அதே ஆண்டு மகபூப்நகர் விபத்தில் 112 பேர் இறந்தபோதே அவர் ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகுதான் ஏற்றார். 1957 தேர்தலில் ரயில்வே துணை அமைச்சர் அழகேசனைக் குறிவைத்து "ஆண்டது போதாதா, மாண்டது போதாதா" என்று தி.மு.க. கேட்டது. இப்படி அமைச்சர்கள் பெயரெல்லாம் நிலைத்துவிட்டது. அந்தப் பெட்டிகளில் இருந்தவர்களைப் பற்றி எதுவும் பேசக் கேட்டதில்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

சித்தப்பாவிடம் கேட்டேன், அடைமழையில் தனியாகப் பாலத்தில் நடக்கப் பயமாக இல்லையா என்று. "பயம் இருக்கும். ஆனா அடுத்த வண்டி எத்தன மணிக்குன்னுதான் மனசு கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும்" என்றார்.