வேதாரண்யம் உப்பு யாத்திரை: சிறுவர் புத்தகத்துக்குப் பழைய படங்கள் தேவை

வணக்கம். 1930 உப்பு யாத்திரையை எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கான படப் புத்தகமாகத் தயாரிக்கிறோம். 24 பக்கம். பக்கத்துக்கு நாற்பது சொல்லுக்கு மேல் போகாது. நடுவில் பின் அடிப்பதால் பக்கங்கள் நாலின் மடங்காகவே இருக்க வேண்டும்.

ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியில் கிளம்பியவர்கள் 28-ம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ம் தேதி உப்பு அள்ளினார்கள். இதெல்லாம் கையில் இருக்கிறது. கதையின் உயிர் வேறிடத்தில். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்ட, மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். பிள்ளைகள் கண்ணில் நிற்கப்போவது அந்தப் பக்கம்தான்.

ஓவியருக்கு அதை வரையத்தான் விவரம் போதவில்லை. வாழையிலையா, மந்தாரை இலையா? நாரில் கட்டினார்களா, துணியிலா? சாலையோரம் என்ன மரம்? ஊகித்து வரைந்தால் பிளாஸ்டிக் குடமும் கரண்ட் கம்பமும் தானாக வந்து உட்கார்ந்துவிடும். நிஜ மனிதர் வாயில் சொல்லாத வசனத்தை வைப்பது அதைவிட மோசம், அதைச் செய்யமாட்டோம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் இருப்பவர்கள், வீட்டில் 1930-களின் தெரு, சாலை, திண்ணைப் படங்கள் இருந்தால் கொடுத்து உதவுங்கள். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, வாட்ஸ்அப்பில் டாகுமென்ட்டாக அனுப்புங்கள்; போட்டோவாக அனுப்பினால் சுருங்கி அச்சில் மங்கிவிடும். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு ஸ்கேன் செய்தால் போதும். பெரியவர்கள் சொல்லக் கேட்ட விவரம் என்றால், யார் சொன்னது, எந்த ஊர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.