ஹெச்.ஏ. தட்டில் வலை நிற்கவில்லை, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சென்னையில் கோழி நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கோழிகளின் வைரஸ் நோயான இராணிக்கெட்டுக்கான தடுப்பூசிக்குப் பின் உருவாகும் எதிர்ப்பொருளை ஹெச்.ஐ. சோதனையில் (வைரஸ் சிவப்பணுக்களை ஒட்டவைப்பதைச் சீரம் எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது) அளக்க வேண்டும். அதற்கு முந்தைய படியான ஹெச்.ஏ. சோதனையிலேயே (வைரஸ் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி வலைபோல் விரிக்கிறதா என்று பார்ப்பது) மூன்று வாரமாக நிற்கிறேன்.

ஆன்டிஜென் உயிருள்ள லசோட்டா, அதாவது இராணிக்கெட் தடுப்பூசி வைரஸ் வகை. 1% கோழிச் சிவப்பணு, வி-அடித் தட்டு, பி.எச். 7.2 பாஸ்பேட் கரைசல். 20 நிமிடத்தில், வைரஸை 1:256 வரை நீர்த்த குழிகளிலும் வலை அழகாக விரிகிறது. 45ஆம் நிமிடத்தில் 1:32தான். தட்டை ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்திருந்தேன். கடைசிக் குழிகளில் மெல்லிய சிவப்பு வலை ஓரத்திலிருந்து கிழிந்து, கண்ணீர்த் துளியாக வழிந்ததைக் கண்ணாலேயே பார்த்தேன். வைரஸின் நியூராமினிடேஸ் நொதி, சிவப்பணுவில் வைரஸ் பற்றிக்கொள்ளும் சியாலிக் அமிலத்தை வெட்டிவிடுகிறது என்றுதான் நினைக்கிறேன்.

மே மாத வெக்கையாக இருக்கலாம் என்று கரைசலையும் தட்டையும் குளிரவைத்து, 4 டிகிரியில் 60 நிமிடம் வைத்தேன். 1:64க்கு மேல் ஏறவில்லை. கரைசலைப் புதிதாகத் தயாரித்தேன். மூன்று கோழிகளின் இரத்தத்தைக் கலந்து மூன்று முறை கழுவினேன். வைரஸ் சேர்க்காத குழிகள் சரியாகவே படிகின்றன. அதனால் அணுக்கள் மீது எனக்குச் சந்தேகம் இல்லை.

தடுப்பூசி போட்ட 21ஆம் நாளில் எடுத்த 60 சீரம் மாதிரிகள் உறைபெட்டியில் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் அரை மில்லிதான். ஹெச்.ஐ. சோதனைக்கு வேண்டிய வைரஸ் அளவான 4 ஹெச்.ஏ. அலகு நிலைபெறாமல் அவற்றைத் தொட மனம் வரவில்லை.

செயலிழக்கச் செய்த ஆன்டிஜெனுக்கு மாறினால் இந்த வலை ஒரு மணி நேரமாவது நிற்குமா?