படுத்தால் மூச்சு முட்டுகிறதா? உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள்

ஈசிசேர் மகன்:
அப்பா பத்து நாளாகக் கட்டில் பக்கமே போகவில்லை. ஈசி சேரில் உட்கார்ந்தபடியே தூக்கம். கேட்டால், "கேஸ்தான்டா, படுத்தா நெஞ்சை அடைக்குது" என்பார். நாங்களும் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒரு தலையணை, அப்புறம் இரண்டு, மூன்று, கடைசியில் நாற்காலி. இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்துக் கொட்ட, இளைத்துக்கொண்டு எழுந்தார். மயங்கி விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் நானும் தம்பியும் பாயை விரித்துப் படுக்கவைத்தோம். அவர் கையை உதறினார். பேச மூச்சில்லை. "பேசாம படுங்கப்பா" என்று தோளை அழுத்திப் பிடித்தது நான்தான். உதடு நீலம் பாய ஆரம்பித்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்கா, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், வாசலிலிருந்தே கத்தினார்: "முதல்ல அவரை எழுப்பி உட்கார வைடா!"

கட்டில் விளிம்பில் உட்காரவைத்துக் காலைத் தொங்கவிட்டோம். எதிரே ஒரு ஸ்டூல், அதன்மேல் தலையணை, அதில் கைகளை ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். 108 வருவதற்குள் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச்சு வந்தது.

இதயம் பலவீனம், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். படுத்ததும் காலில் தேங்கியதெல்லாம் நெஞ்சுக்குத் திரும்புமாம். தளர்ந்த இதயத்தால் அதை இறைத்துத் தள்ள முடியாமல் நுரையீரலில் தேங்குகிறதாம். நீர் போகிற ஊசி போட்டு நாலாம் நாள்தான் மறுபடி படுத்துத் தூங்கினார். அவர் பத்து நாளும் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தார். தெரியாதது எங்களுக்குத்தான்.

நைட் டியூட்டி:
வார்டில் தினம் பார்ப்பதைச் சொல்கிறேன். கட்டிலின் தலைப்பக்கம் 45 டிகிரிக்குத் தூக்கியிருக்கும். ஆனால் அரை மணியில் நோயாளி கீழே நழுவிவிடுவார். இப்போது மடிப்பு இடுப்பில் இல்லை, நெஞ்சுக்கு நேராக இருக்கிறது. வயிறு மேலே நெருக்கும், தாடை நெஞ்சில் இடிக்கும், இளைப்பு இன்னும் கூடும். கூட இருப்பவர்கள் "தூக்கித்தானே வச்சிருக்கு சிஸ்டர்" என்பார்கள். ஆளை மேலே நகர்த்தி, இடுப்பைக் கட்டிலின் மடிப்புக்கு நேராகக் கொண்டுவாருங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்தால் நழுவுவது குறையும். அக்குளைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள், தோள் போய்விடும். அடியில் விரித்த துப்பட்டியின் இரண்டு பக்கத்தையும் இரண்டு பேர் பிடித்து இழுத்தால் போதும்.

மில்காரர் மகள்:
எங்கள் அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். முப்பது வருஷ பீடி. மாடிப்படி ஏறியதும் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக் குனிந்து நிற்பார். பார்க்கிறவர்கள் தெருவை வேடிக்கை பார்க்கிறார் என்று நினைப்பார்கள். கை ஊன்றினால் தோள், கழுத்துத் தசைகளும் மூச்சுக்கு உதவும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். கூடவே, எதிரில் இருக்கும் விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் ஆட்டுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொன்னார்.

வேலூர் பேரன்:
கொரோனா நேரத்தில் குப்புறப் படுக்கச் சொன்னார்களே, அப்படிப் படுக்கவைக்கலாமா?

ஐந்து தலையணை:
அதை ஈசி சேர் அப்பாவுக்குச் செய்துவிடாதீர்கள்! 2021 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட குறிப்பிலேயே, கடுமையான இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதுகெலும்பு முறிவு உள்ளவர்கள் எல்லாம் தவிர்க்கவேண்டும் என்று இருந்தது.

அந்த மே மாதம் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கக் காத்திருந்தபோது, கொரோனா வந்த அம்மாவுக்கு ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி) 90 காட்டியது. கழுத்துக்கு ஒன்று, நெஞ்சிலிருந்து தொடைவரை இரண்டு, கணுக்கால் பக்கம் இரண்டு என்று தலையணை வைத்துக் குப்புறப் படுக்கவைத்தோம். அரை மணியில் 93. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் இதயமும் வயிறும் அதன்மேல் அழுத்தும், குப்புறப் படுத்தால் அது விரியும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குச் செய்யக்கூடாது. அம்மாவுக்குக் கழுத்து வலித்ததால் வலது பக்கம், நிமிர்ந்து உட்காருவது, இடது பக்கம், மறுபடி குப்புற என்று மாற்றி மாற்றி வைத்தோம். ஆனாலும் மறுநாள் ஆக்சிஜன் தேவைப்படத்தான் செய்தது. அதுவரை தாக்குப்பிடிக்க உதவியது, அவ்வளவுதான்.

ஈசிசேர் மகன்:
நன்றி. இப்போது ஒவ்வொரு செக்கப்பிலும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை தலையணை?" அப்பா "ரெண்டு" என்பார். போன வாரம் அம்மா பெருக்கும்போது மூன்றாவது தலையணை கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. அன்றைக்கே கூட்டிப்போய் மாத்திரை அளவை மாற்றி வாங்கி வந்தோம்.