ரீபேஸ் கான்ஃப்ளிக்ட்: மெல்டில் லோக்கலும் ரிமோட்டும் இடம் மாறி வருவது ஏன்?

கேள்வி:
கிட்ல (கோடு மாற்றங்களைப் பதிவு பண்ற டூல்) ஃபீச்சர் பிராஞ்சில் இருந்து "கிட் ரீபேஸ் மெயின்" கொடுத்தா கான்ஃப்ளிக்ட் வருது, அதாவது ரெண்டு பிராஞ்சோட மாற்றமும் ஒரே இடத்துல மோதுது. "கிட் மெர்ஜ்டூல்" மெல்டைத் (கோடைப் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடுற டூல்) திறக்குது. லோக்கல் பக்கத்துல மெயின் கோடு, ரிமோட் பக்கத்துல என் கோடு! மெர்ஜ்ல இப்படி வராதே? இன்னொண்ணு: ஒரு ஃபைல்ல மாத்தினது நாலே வரி, ஆனா ஃபைல் முழுக்க கான்ஃப்ளிக்ட்னு காட்டுது.

பதில் 1:
மெல்ட் சரியாகத்தான் காட்டுகிறது. ரீபேஸ் முதலில் மெயினின் நுனிக்குப் போய்விடும். பிறகு உங்கள் கமிட்களை (பதிவு செய்த மாற்றங்களை) ஒவ்வொன்றாக அதன்மேல் வைக்கும். அப்போது கிட் நிற்பது மெயினில், ஆகவே அதுதான் லோக்கல். வந்து சேர்வது உங்கள் கமிட், அது ரிமோட். "கிட் செக்அவுட் --அவர்ஸ்" கொடுத்தாலும் இதே கணக்கு: மெயின் வரிகள் தங்கும், உங்களுடையது போய்விடும்.

பக்கத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பேஸைப் (இரண்டு பிராஞ்சும் பிரிவதற்கு முன் இருந்த பொது வடிவத்தை) பாருங்கள். "மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல்" அமைப்பை "டிஃப்3" ஆக்கினால் பொது மூதாதை வரியும் ஃபைலுக்குள் வரும் (கிட் 2.35 முதல் "இசட்டிஃப்3" உண்டு, கொஞ்சம் சுருக்கமாக இருக்கும்). மெயினில் "டைம்அவுட்=60", உங்களிடம் "டைம்அவுட்=30, ரீட்ரை=3" என்று வைத்துக்கொள்வோம். 30 யார் போட்டது? பேஸில் "டைம்அவுட்=30" என்றிருந்தால் அது பழைய மதிப்பு, நீங்கள் சேர்த்தது ரீட்ரை மட்டும். விடை 60, 3 இரண்டும். ஒரு பக்கத்தை அப்படியே எடுத்திருந்தால் எதுவானாலும் தப்பு.

பதில் 2:
முழு ஃபைலும் சிவப்பா வந்தா முதல் சந்தேகம் வரிமுடிவு. ரெண்டு பிராஞ்சிலும் "கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --இஓஎல்" போட்டுப் பாருங்க. முதல் நெடுவரிசையில ஒண்ணுல எல்எஃப் (லினக்ஸ் பாணி வரிமுடிவு), இன்னொண்ணுல சிஆர்எல்எஃப் (விண்டோஸ் பாணி)னு இருந்தா அதான். இப்போதைக்கு "கிட் ரீபேஸ் --அபார்ட்", அப்புறம் "-எக்ஸ் இக்னோர்-சிஆர்-அட்-இஓஎல்" (பெரிய எழுத்து எக்ஸ்) சேர்த்து மறுபடி ரீபேஸ். நிரந்தரத்துக்கு கிட்அட்ரிப்யூட்ஸ் ஃபைல்ல "* டெக்ஸ்ட்=ஆட்டோ", பிறகு "கிட் ஆட் --ரீநார்மலைஸ் ." (கடைசிப் புள்ளியும் சேர்த்து). இதைத் தனி கமிட்டா போடுங்க. வேற மாற்றத்தோட கலந்தா ரிவ்யூ பண்றவர் பாவம்.

கேள்வி கேட்டவர்:
மெயின்ல எல்எஃப், என்னுதுல சிஆர்எல்எஃப். எடிட்டர் வேலை போல. ".ஓரிக்" ஃபைல்கள் குவியுதே, அழிக்கலாமா?

பதில் 1:
அழிக்கலாம், அவை மெர்ஜ்டூல் விட்டுப்போகும் நகல்கள். "மெர்ஜ்டூல்.கீப்பேக்கப்" மதிப்பை ஃபால்ஸ் ஆக்கினால் இனி தங்காது. ஒரு ஃபைலைக் குழப்பிவிட்டால் "கிட் செக்அவுட் -எம்" உடன் அதன் பெயரைக் கொடுங்கள், கான்ஃப்ளிக்ட் பழையபடி திரும்ப வரும்.