நார்வேயின் 82 சதவீதக் கணக்கு ஐஸ்லாந்துக்குப் பொருந்துமா?

வடகடல்:
திமிங்கில வேட்டை என்றாலே ரத்தச் சிவப்பான கடல் படத்தைப் போட்டுப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். நார்வேயில் 2011, 2012 பருவங்களில் 271 மிங்க் திமிங்கிலங்களைக் கவனித்தார்கள். 82 சதவீதம் அடிபட்ட அந்த நொடியே செத்தன. மீதி சாக எடுத்த இடைநிலை நேரம் (பாதி அதற்குள், பாதி அதற்கு மேல்) 6 நிமிடம். மான் வேட்டையில் இந்தக் கணக்கு வருமா? அளவும் மீறவில்லை. 2024இல் ஒதுக்கீடு 1157, பிடித்தது 415தான். அந்தக் கடலில் மிங்க் லட்சத்துக்கும் மேல் இருக்கிறது. இதில் அழிவு எங்கே வந்தது?

நெய்தல்:
மிங்க் அழியப்போவதில்லை, சரி. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த 82ஐத் தூக்கிக்கொண்டு போய், மிங்கைவிட மிகப் பெரிய ஃபின் திமிங்கிலத்துக்கும் பொருத்தாதீர்கள். ஐஸ்லாந்தில் 2022இல் கொன்ற 148இல் 36க்கு ஒரு குண்டு போதவில்லை. நான்கு முறை சுடப்பட்டவையும் உண்டு. அரசின் உணவு, கால்நடை ஆணையம் 2023 மேயில் தந்த அறிக்கைப்படி, கண்காணித்தவற்றில் உடனே செத்தவை 59 சதவீதம். மற்றவைக்கு இடைநிலை 11.5 நிமிடம். ஒரு திமிங்கிலம் இரண்டு மணி நேரம் உயிரோடு கிடந்தது.

வடகடல்:
அதே ஐஸ்லாந்தில் 2014இல் நிபுணர் உடனிருந்து பார்த்த 50 ஃபின்களில் 42 உடனே செத்தன. 84 சதவீதம். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

துருவன்:
இரண்டு எண்ணும் உண்மைதான். ஏன் விலகுகிறது என்பதற்குக் கருவியைப் பார்க்க வேண்டும். பீரங்கியில் வைத்துச் சுடும் ஈட்டிதான் ஹார்பூன். அதன் முனையில் பென்த்ரைட் வெடிமருந்துள்ள கிரெனேடு. நார்வே கிரெனேடில் 30 கிராம். பக்கத்தில் இருக்கும் சிறு கொக்கிகள் தோலில் மாட்டி, உள்ளே போகப் போக வெடி விசையின் கயிற்றை இழுக்கும். 60, 70 சென்டிமீட்டர் ஆழத்தில் வெடிக்கும். கொல்வது முனையல்ல, வெடிப்பின் அழுத்த அலை. அது மூளையைத் தாக்கினால்தான் உடனடி மரணம். நெஞ்சுப் பகுதியில் பட்டால் அலை மூளை வரை போகும். வால் பக்கம் தள்ளிப் பட்டால் அதே மருந்து வெறும் காயம்தான். சாய்வாகப் பட்டு உடம்பை ஊடுருவி வெளியே வந்து வெடித்தால் அதுவும் வீண்.

மிங்க் 8, 9 மீட்டர். ஃபின் 20 மீட்டர் போகும், சதையும் தடிமன். அதனால் மருந்தையும் கூட்டுகிறார்கள். ஆனால் ஓடுகிற விலங்கு, ஆடுகிற கப்பல், முதுகு மட்டும் சில நொடி தெரிவது, இதற்கெல்லாம் மருந்தைக் கூட்டி என்ன பயன்? குறி தப்பினால் பீரங்கியை மறுபடி நிரப்ப வேண்டும். வலி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மிங்குக்குக் கையில் ரைஃபிள் இருக்கும், தலையில் சுட்டு முடிப்பார்கள். ஃபின் உருவத்துக்கு அப்படி எளிதாகத் துணை ஆயுதம் கிடையாது.

நெய்தல்:
இதைத்தான் சொல்ல வந்தேன். பக்கத்தில் ஆள் நின்று குறித்துக்கொண்ட 50க்கும் பருவம் முழுக்க ஓடிய வேட்டைக்கும் உள்ள தூரம் அது.

வடகடல்:
ஊகம். வானிலை, சுடுபவரின் கை இரண்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விதியை இறுக்கினால் சரியாகும். அதையும் செய்தார்கள்: ஐஸ்லாந்தில் 2023 ஜூனில் வேட்டையை நிறுத்தி, செப்டம்பரில் திறந்தபோது 25 மீட்டருக்குள் மட்டுமே சுட வேண்டும் என்றார்கள். சரி, மீன் வலையில் சிக்கி ஆண்டுக்கு 3 லட்சம் திமிங்கிலமும் ஓங்கிலும் சாகின்றன என்பதே பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதைப் பேச ஆளில்லை!

நெய்தல்:
பேசுகிறார்கள். இலங்கைக்குத் தெற்கே நீலத் திமிங்கிலம் கப்பலில் அடிபடுவதைக் குறைக்க, ஒரு பெரிய கப்பல் நிறுவனமே 2022இல் தன் பாதையைத் தெற்கே தள்ளிக்கொண்டது. அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும். விதியை இறுக்கினதைச் சொன்னீர்களே, திறந்த சில நாளிலேயே ஒரு கப்பலை நிறுத்தி வைத்தார்கள். முதல் குண்டு குறி தப்பி, இரண்டாவது குண்டுக்கு அரை மணி நேரம் பிடித்தது. அந்தப் பருவத்தில் கொன்றதே 24தான்.

வடகடல்:
அந்தக் கப்பலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஃபின் வேட்டையை விட்டுவிடலாம் என்றால்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை. நார்வே மிங்கை அதோடு சேர்த்துக் கட்டாதீர்கள் என்பதுதான்.

துருவன்:
ஐஸ்லாந்து 2024 டிசம்பரில் ஐந்தாண்டு உரிமம் கொடுத்தது: ஆண்டுக்கு 209 ஃபின். 2025இல் ஃபின் வேட்டைக்குக் கப்பல் கிளம்பவே இல்லை. இறைச்சி விற்கும் ஜப்பானில் விலை கட்டுபடியாகவில்லை என்றார்கள்.