பதுவை பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா: போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

புளியம்பட்டிக்காரன்

இத்தாலியில் பதுவை அந்தோணியார் பேராலயத்துக்குப் போகும் நம்மூர் ஆட்களில் பாதிப்பேருக்கு, அங்கிருந்து கொஞ்ச தூர நடையில் இப்படி ஒரு தோட்டம் இருப்பதே தெரியாது. எங்களைக் கூட்டிப்போன டூர்காரரும் வாயைத் திறக்கவில்லை. பேராலயத்தில் வைத்திருக்கும் அந்தோணியாரின் அழியாத நாக்கைப் பார்த்து முடித்ததும் ஜெபமாலை, மெழுகுவர்த்தி வாங்க நேரம் விட்டார்கள், நான் அம்மாவைக் கிளப்பிக்கொண்டு பூங்காவுக்குள் போய்விட்டேன். வட்டச் சுவர், நீரூற்று எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது 1585இல் நட்ட அந்தப் பனையைப் பற்றி. அதற்கென்று தனியாக ஒரு கண்ணாடிக் கூடம் கட்டி வைத்திருக்கிறார்களே, அது. அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஒத்த மரத்துக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கானுவ" என்றாள். அப்புறம் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்! பக்கத்தில் நின்ற இத்தாலியத் தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையிலிருந்து கண்ணாடிக்குள் இருந்ததற்கெல்லாம் சிலுவை போட்ட பழக்கத்தில் கை தானாகப் போனதா, இல்லை நிஜமாகவே போட்டாளா என்று இன்றுவரை தெரியவில்லை. கேட்டால் முறைக்கிறாள். எங்கள் பக்கம் பனையை வெட்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றிவிட்ட கதை எல்லாருக்கும் தெரியும், அதனால் எனக்கு அது வெறும் பழக்கம் என்று தோன்றவில்லை.

ஓலைச்சுவடி

அண்ணே, முதலில் ஒரு திருத்தம். அது நம்ம பனை இல்லை. மத்தியதரைக் கடல் ஓரத்தில் தானாக வளரும் குட்டை விசிறிப்பனை, கேமரோப்ஸ் ஹியூமிலிஸ். ஒரே அடியிலிருந்து பல தண்டு கிளம்பும், நீங்கள் பார்த்த மரத்திலேயே தெரிந்திருக்குமே. நுங்கெல்லாம் கிடையாது.

நான் அங்கே முதுகலை படித்தபோது நண்பர்கள் வந்தால் கூட்டிப்போகிற இடம் அது. ஜெர்மன் கவிஞர் கதே 1786 செப்டம்பரில் வந்து பார்த்ததால் கதேயின் பனை என்று பெயர் நிலைத்துவிட்டது. அவரை நிறுத்தியது மரத்தின் வயதோ உயரமோ இல்லை, இலை. அடியில் புதிதாக வருவது ஈட்டி மாதிரி, பிளவே இல்லாமல் இருக்கிறது. அடுத்தடுத்த இலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறல் விழுந்து, கடைசியில் முழு விசிறி ஆகிவிடுகிறது. தோட்டக்காரரிடம் கேட்டு அந்த வரிசையை அப்படியே வெட்டி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். செடியின் எல்லா உறுப்பும் இலையின் மாறுவேடம்தான் என்ற அவருடைய கட்டுரை 1790இல் வந்தது.

ஒரு நாள் பள்ளிப்பிள்ளைகள் கூட்டத்துக்கு வழிகாட்டிப் பெண் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சிறுவன் விரல்களை ஒட்டி வைத்துக்கொண்டு, மெதுவாக ஒவ்வொரு விரலாக விரித்துக் காட்டினான். யாரும் சொல்லித்தரவில்லை. பனங்கொட்டை முளைத்து வரும் முதல் இலையும் விரியாத விரல்கள் மாதிரி நீளமாகத்தான் இருக்கும், சின்ன வயதில் ஆயிரம் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் ஏன் என்று யோசிக்கவில்லை. அந்தப் பையன் மேல் இன்னும் பொறாமையாக இருக்கிறது.

பீசாவாசி

உலகத்திலேயே பழைய தாவரவியல் பூங்கா என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், பீசா பல்கலைக்கழகத் தோட்டம் பதுவைக்கு முந்தியது. லூக்கா கினி என்ற தாவரவியலாளர் தொடங்கியது. என்ன, பீசாவில் இடம் மாறி மாறி 1591இல்தான் இப்போதைய இடத்துக்கு வந்தது. பதுவையில் 1545இல் வெனிஸ் குடியரசு ஒதுக்கிய அதே இடத்தில் இன்றும் இருக்கிறது. "தொடங்கிய இடத்திலேயே இருக்கும் பழைய பல்கலைக்கழகத் தோட்டம்" என்று சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். 1997இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்ததிலிருந்து பதுவைக்காரர்கள் இந்த அடைமொழியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

என் விஷயம் சின்னது. ஜிங்கோ மரத்தடியில் விழுந்து கிடந்த ஒரு மஞ்சள் இலையை என் மகள் எடுத்துக்கொண்டாள். பணியாளர் ஒரு அம்மா வந்தார், சிரித்துக்கொண்டேதான், ஆனால் திரும்பக் கீழே போடச் சொன்னார். தரை முழுக்க அதே இலைதான்! நாளைக்குக் கூட்டித் தள்ளப்போகிற இலை! 1552இல் அந்த வட்டச் சுவரைக் கட்டியதே மூலிகைத் திருட்டு தாங்காமல்தான், திருடினால் அபராதம், சிறை, நாடுகடத்தல் வரை இருந்திருக்கிறது, எல்லாம் சரி. நானூற்றைம்பது வருஷம் கழித்து ஏழு வயதுப் பிள்ளையிடமா?

விளக்கெண்ணெய்

பீசாவாசி சார், ஒரு பிள்ளைக்கு ஒன்று என்றால் அன்றைக்கு வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஒன்று. அந்த அம்மா செய்தது சரிதான். இலை என்று தொடங்கும், விதையில் போய் நிற்கும்.

எனக்கு மறக்காதது நச்சுச் செடிப் பாத்தி. அரளி இருந்தது, அதில் ஆச்சரியமில்லை. பக்கத்திலேயே ஆமணக்கு! மாதம் ஒரு முறை பாட்டி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே செடி, எச்சரிக்கைப் பலகையோடு. விஷம் விதையில் இருக்கிறது, எண்ணெயில் கரையாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது என்று அப்புறம் படித்தேன். மருந்தையும் விஷத்தையும் மாணவர்கள் நேரில் பார்த்துப் பிரித்தறியத்தானே பொனஃபெடே என்ற பேராசிரியர் இந்தத் தோட்டமே வேண்டும் என்று கேட்டார். அந்தக் காலத்து மூலிகைக் கடைகளில் போலிச் சரக்கு அவ்வளவு.

போகிறவர்களுக்குச் சில விஷயம். வெனிஸில் தங்கியிருந்தால் ரயிலில் அரை மணி நேரம்தான், தனியாக அறை போடாதீர்கள். நிலையத்திலிருந்து டிராம் இருக்கிறது, பேராலயத்துக்குப் பக்கத்தில் இறங்கலாம். காலையில் முதலில் தோட்டம், அப்புறம் கோயில் என்று வையுங்கள், மாற்றிச் செய்தால் பெரியவர்கள் கால்வலி என்று உட்கார்ந்துவிடுவார்கள். பூங்கா திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் கொசு, சென்னைக் கொசுவுக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. 2014இல் திறந்த புதிய கண்ணாடிக்கூடங்கள் காலநிலை வாரியாகப் பிரித்தவை, குளிர்காலத்தில் மழைக்காட்டுப் பகுதிக்குள் நுழைந்தால் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியாது, ஓரமாக நின்று துடைத்துக்கொண்டு போங்கள். அந்த வெக்கையில் நம்ம ஆட்கள் சொந்த ஊர் வந்த மாதிரி நிற்பார்கள், அங்கேயே நேரம் போய்விடும், 1680ஆம் வருஷத்துப் பிளேன் மரத்தை விட்டுவிடுவார்கள். அடிமரம் பொந்தாகிப்போயும் தழைத்து நிற்கிறது. அதை விடாதீர்கள்.

சாரல்

கொசு உண்மை. மற்றபடி யாரும் கால்வலிக்கு மருந்து கேட்கவில்லை, விளக்கெண்ணெய் சார்.

பீசாவாசி சொன்ன அதே ஜிங்கோ பக்கம் எனக்கும் ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருக்கிறது. இலையுதிர்காலத்தில் போனேன், கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம், கூட வந்த தங்கச்சி என் ஷூவைக் கழற்றிப் பார்க்கச் சொன்னாள். ஒன்றும் மிதிக்கவில்லை. ஜிங்கோவின் பெண் மரத்து விதைதான் அப்படி நாறுமாம். ஆனால் 1750வாக்கில் நட்ட அந்த மரம் ஆண் மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாடத்துக்காக ஒரு பெண் கிளையை அதில் ஒட்டுக்கட்டியிருக்கிறார்கள், அந்த ஒரு கிளையின் வேலை அது! மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன், கழுத்து வலித்ததுதான் மிச்சம். அது எந்தப் பக்கத்துக் கிளை என்று பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?